காம்பவுண்ட் சுவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சம்மதம் வேண்டுமா?

வீட்டு வேலை முடிந்து சுற்றுச்சுவருக்கு வரும்போதுதான் பெரும்பாலும் இந்தப் பேச்சு கிளம்பும். "என் இடத்தில் சுவர் எழுப்ப நான் யாரைக் கேட்கணும்?" என்பார் ஒருவர். "பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போடாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது" என்பார் இன்னொருவர். இருவருமே அடித்துச் சொல்வார்கள். உண்மையில் இருவரும் வெவ்வேறு சுவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். சுவர் நிற்கும் இடத்தைப் பொறுத்துத்தான் சம்மதம் வேண்டுமா வேண்டாமா என்பது முடிவாகும். அதிலும், கண்ணுக்குத் தெரியும் சுவரைவிட மண்ணுக்குள் கிடக்கும் அஸ்திவாரம்தான் முக்கியம். தமிழ்நாட்டுச் சட்டத்தையும் நடைமுறையையும் வைத்து இதை அடியிலிருந்து பார்ப்போம்.

## கோட்டுக்கு எந்தப் பக்கம்?

இரண்டு மனைகளுக்கு நடுவே உள்ள எல்லை ஒரு கோடு மட்டுமே. அதற்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. சுவருக்கோ அகலம் உண்டு. ஆகவே எல்லையில் கட்டும் எந்தச் சுவரும் மூன்று நிலைகளில் ஒன்றில்தான் இருக்க முடியும்.

முதலாவது, சுவரும் அஸ்திவாரமும் முழுக்க உங்கள் பக்கம். இதற்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை. தகவல் சொல்வது நல்லது, அவ்வளவுதான். சுவர் முழுவதும் உங்களுடையது, செலவும் உங்களுடையது.

இரண்டாவது, கோடு சுவரின் நடுவே ஓடுகிறது. 9 அங்குலச் சுவர் என்றால் உங்கள் பக்கம் நாலரை அங்குலம், அவர் பக்கம் நாலரை. இதைத்தான் பொதுச்சுவர் என்கிறோம். இதற்குச் சம்மதம் கட்டாயம் வேண்டும், எழுத்தில் வேண்டும். 60 அடி நீளச் சுவர் என்றால் அவர் விட்டுத் தருவது இருபத்திரண்டரை சதுர அடி. பெரிய நிலமில்லைதான், ஆனாலும் அது அவருடைய நிலம்.

மூன்றாவது, சுவரின் பெரும்பகுதியோ முழுவதுமோ அவர் நிலத்தில். வளைந்து கிடக்கும் எல்லையை நேராக்க நினைக்கும்போது இது நடக்கும். "இங்கே நீங்க ரெண்டடி விடுங்க, அங்கே நான் ரெண்டடி விடுறேன்" என்று பேசி முடிப்பார்கள். இதற்குச் சம்மதக் கடிதம் போதவே போதாது. நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைப் பத்திரமோ கிரயப் பத்திரமோ பதிவாக வேண்டும், அதன்பிறகு உட்பிரிவு செய்து பட்டாவும் மாற வேண்டும்.

உள்ளாட்சி அமைப்பின் அனுமதி இதிலிருந்து முற்றிலும் வேறு விஷயம். சுவரின் உயரம், தெரு முனையில் வாகனம் திரும்பும் இடம், சாலைக்கு விட வேண்டிய இடைவெளி ஆகியவற்றுக்கு விதிகள் உண்டு. அவற்றை ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே அனுமதி கிடைத்துவிட்டது என்பதால் அந்த நிலம் உங்களுடையது என்று ஆகிவிடாது.

## பிரச்சினை மண்ணுக்குள்ளே

"சுவரைச் சரியாக என் எல்லை ஓரத்தில்தான் வைத்தேன், ஒரு அங்குலம்கூட அந்தப் பக்கம் போகவில்லை" என்று சொல்பவர்களில் பலர், தெரியாமலேயே பக்கத்து மனைக்குள் போயிருப்பார்கள். கணக்கைப் பாருங்கள்.

9 அங்குலச் சுவருக்குக் கொத்தனார் இரண்டரை அடி அகலத்தில் வானம் (அஸ்திவாரப் பள்ளம்) தோண்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவர் அஸ்திவாரத்தின் நடுவில்தான் உட்கார வேண்டும். 30 அங்குலத்தில் 9 போனால் 21. பக்கத்துக்குப் பத்தரை அங்குலம். சுவரின் வெளிமுகம் எல்லைக்கோட்டைத் தொட்டு நின்றால், அந்தப் பத்தரை அங்குல அஸ்திவாரம் அடுத்தவர் மண்ணில் கிடக்கிறது. 60 அடிக்கு ஐம்பத்திரண்டரை சதுர அடி. அவர் நாளை தன் பக்கம் தூணுக்கோ கழிவுநீர்த் தொட்டிக்கோ குழி எடுக்கும்போது கருங்கல் தட்டுப்படும். சண்டை அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும்.

இதைத் தவிர்க்க வழிகள் உண்டு. சுலபமானது, சுவரைப் பத்தரை அங்குலம் உள்ளே தள்ளிக் கட்டுவது. மனை விலை அதிகமான இடத்தில் மனசு வராது. அப்படியானால் ஆர்.சி.சி. (கம்பி வைத்த கான்கிரீட்) முறை: 8 முதல் 10 அடிக்கு ஒரு தூண், தூண்களின் அடித்தளம் முழுக்க உங்கள் பக்கம், தூண்களை இணைத்துத் தரைமட்டத்தில் ஒரு பெல்ட் பீம், அதன்மேல் சுவர். அல்லது எல் எழுத்து வடிவ அடித்தளம். சுவர் அடித்தளத்தின் ஓரத்தில் நிற்கும்; தளம் உங்கள் மனைக்குள் நீளும்; இரண்டும் சேரும் மூலையில் கம்பி சரியாக வளைந்து போகும்.

சாதாரணக் கருங்கல் அஸ்திவாரத்தை மட்டும் ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, சுவரை அதன் விளிம்பில் ஏற்றக் கூடாது. பாரம் முழுக்க ஒரு ஓரத்தில் இறங்கும், அந்த ஓரத்து மண் அதிகமாக அமுங்கும், நாலு மழைக்காலத்தில் சுவர் பக்கத்து மனையை நோக்கிச் சாயும். கரிசல் மண்ணில் இன்னும் சீக்கிரம் சாயும். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண் அது. மேஸ்திரி "நான் பார்த்துக்கிறேன் சார்" என்று சொல்வதை இந்த ஒரு இடத்தில் ஏற்காமல், ஒரு பொறியாளரிடம் படம் வாங்கிக் கட்டுங்கள்.

ரெடிமேட் சிலாப் காம்பவுண்டுக்கும் இதே கணக்குதான். 6 அங்குலத் தூண், அதற்கு 18 அங்குலச் சதுரக் குழி என்றால், குழி எல்லைக்குள் அடங்க தூணின் வெளிமுகம் எல்லையிலிருந்து 6 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததன் சாரம்: சுவர், அஸ்திவாரம் இரண்டும் உங்கள் பக்கம் என்றால் சம்மதம் வேண்டாம். இரண்டில் எது கோட்டைத் தாண்டினாலும் வேண்டும். தாண்டுகிறதா என்று தெரிய, முதலில் கோடு எங்கே என்று தெரிய வேண்டும்.

## கோடு எங்கே ஓடுகிறது?

பழைய முள்வேலியோ, வரப்போ, அவர் தாத்தா நட்ட தென்னையோ எல்லை ஆகிவிடாது. பார்க்க வேண்டியவை இரண்டு.

ஒன்று பத்திரம். அதில் சொத்து விவரப் பகுதியில் நான்கெல்லை எழுதியிருக்கும்: வடக்கே இன்னார் மனை, கிழக்கே தெரு என்பது போல. ஊர்ப் பக்கம் செக்குபந்தி என்பதும் இதுதான். உங்கள் பத்திரத்தை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்து மனையின் பத்திரத்தில் உங்கள் பக்கத்து அளவு என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து, தரையில் உள்ள மொத்த அகலத்தைவிட அதிகமாக வந்தால், தகராறு சுவருக்கு முன்பே காகிதத்தில் இருக்கிறது.

இன்னொன்று புலப்படம். நில அளவைத் துறை ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வைத்திருக்கும் அளவு வரைபடம் இது, எஃப்.எம்.பி. என்று சொன்னால் இ-சேவை மையத்தில் உடனே புரியும். நகரப் பகுதிகளில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் கிடைக்கும். ஊர்க் குடியிருப்புக்கென ஒதுக்கிய நத்தம் நிலத்து மனைகளுக்குத் தனி ஆவணங்கள் உண்டு. இணையத்தில் இறக்கிய புலப்படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பிரிண்ட் எடுக்கும்போது படம் சுருங்கும், விரியும். கோடுகளின் மேல் எழுதியிருக்கும் எண்தான் அளவு.

அந்த எண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. கிராமப் புலப்படங்களில் அளவு பெரும்பாலும் மீட்டரில், ஒரு தசம இடத்தோடு இருக்கும். 0.1 மீட்டர் என்பது ஏறக்குறைய 4 அங்குலம். பத்திரத்தில் 60 அடி என்றும் புலப்படத்தில் 18.2 மீட்டர் என்றும் இருந்தால், இரண்டாவது சுமார் 59 அடி எட்டரை அங்குலம்தான். யாரும் திருடவில்லை, படத்தின் நுணுக்கம் அவ்வளவுதான். இரண்டு அங்குலத்துக்காக நீதிமன்றப் படி ஏறுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

பட்டா வருவாய்த் துறையின் பதிவு. வரி யார் பெயரில், நிலம் யார் அனுபவத்தில் என்பதை அது காட்டும். உரிமைக்குத் தனியாக அதுவே முடிந்த முடிவான ஆதாரம் ஆகாது. பட்டாவும் பத்திரமும் முரண்பட்டால் சுவர் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

தரையில் கோட்டைக் காட்ட, அரசு நில அளவரை வைத்து அளப்பதே பின்னால் நிற்கும். அத்துக் காட்டுவது என்று இதைச் சொல்வார்கள். இணையவழியிலோ இ-சேவை மையத்திலோ கட்டணம் கட்டி விண்ணப்பித்தால், நில அளவர் அக்கம்பக்கத்துப் பட்டாதாரர்களுக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு வந்து அளந்து காட்டுவார். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நேரில் இருப்பது மிக முக்கியம். அவர் கண்ணெதிரே நட்ட கல்லை அவர் பிறகு மறுப்பது கடினம். தனியார் சர்வேயர் வைத்து அளப்பதில் தவறில்லை. வேலை சீக்கிரம் முடியும். அவர் அளவை அடுத்தவர் ஏற்க வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை.

கல் நட்டபின் செய்ய வேண்டியது: கல்லின் நடுக்குறியிலிருந்து அடுத்த கல்லின் நடுக்குறிக்கு நூல் பிடிக்க வேண்டும். கல்லின் விளிம்பிலிருந்து பிடித்தால் அங்கேயே இரண்டு மூன்று அங்குலம் தப்பிவிடும். நான்கு பக்கம் அளந்தால் போதாது, குறுக்கே மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். பக்க அளவுகள் மாறாமலேயே மனை கோணலாகச் சாய்ந்திருக்கலாம். வானம் தோண்டும்போது கல் பிடுங்கப்படும் என்பதால், முன்கூட்டியே சுவர் வழியிலிருந்து விலகிய இரண்டு நிலையான புள்ளிகளிலிருந்து கல்லுக்கு உள்ள தூரத்தைக் குறித்துப் படமும் எடுத்து வையுங்கள். நில அளவைக் கல்லை நகர்த்துவது குற்றம். ஜேசிபி ஓட்டுநருக்கு அது தெரியாது.

## சம்மதம் என்பது சட்டத்தில் என்ன?

பக்கத்து வீட்டுக்காரர் தன் பைக்கை உங்கள் போர்ட்டிகோவில் இரவு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்கிறார். "தாராளமா நிறுத்துங்க" என்கிறீர்கள். அன்றிலிருந்து அவர் வண்டியை நிறுத்துவது அத்துமீறல் ஆகாது. ஆனால் போர்ட்டிகோவில் அவருக்கு ஒரு சதுர அடியும் சொந்தமாகிவிடவில்லை. நீங்கள் மனம் மாறினால் எடுக்கச் சொல்லலாம். நீங்கள் வீட்டை விற்றுவிட்டால், வாங்கியவர் "யார் சொல்லி இங்கே நிறுத்துறீங்க?" என்று கேட்கலாம்.

சட்டம் இதை உரிமம் என்கிறது. இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882, 52-வது பிரிவு சொல்வது இதுதான்: நிலத்தின் மேல் எந்த உரிமையும் தராமல், அனுமதி இல்லாவிட்டால் சட்டவிரோதமாக இருக்கும் ஒன்றைச் செய்ய மட்டும் அனுமதிப்பது. எல்லையில் சுவர் கட்ட வாயால் கொடுத்த சம்மதமும், வெள்ளைத்தாளில் எழுதிய சம்மதமும் பெரும்பாலும் இந்த வகையில்தான் விழும்.

பைக்கை உருட்டிக்கொண்டு போகலாம், சுவரை உருட்ட முடியாது. அதனால் 60-வது பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிரந்தரக் கட்டுமானம் எழுப்பிவிட்டால், கொடுத்தவர் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. "அன்னைக்கு சரின்னேன், இன்னைக்கு இடி" என்பது செல்லாது.

இதைக் கேட்டதும் பலரும் நிம்மதியாகி, எழுத்தே தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். 59-வது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அனுமதி கொடுத்தவர் நிலத்தை விற்றுவிட்டால், வாங்கியவரை அந்த அனுமதி தானாகக் கட்டுப்படுத்தாது. சுவர் வழக்குகள் பல, வீடு கைமாறிய பிறகு கிளம்புவது இதனால்தான். பழைய சொந்தக்காரர் வாய்வார்த்தையில் சரி என்றிருப்பார். புதியவர் கடன் வாங்கி, அளந்து, முழு மனைக்கும் பணம் கொடுத்து வந்திருப்பார். அவருக்கு அந்த நாலரை அங்குலமும் கணக்கில் உண்டு.

வாங்குபவரையும் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் சம்மதத்தை உரிமையாக மாற்ற வேண்டும். ஒரு நிலத்தின் அனுபவத்துக்காக அடுத்த நிலத்தின் மேல் நிலைக்கும் உரிமையை வசதியுரிமை என்பார்கள். பத்திரங்களில் வழிநடை பாத்தியம், தண்ணீர் பாத்தியம் என்று எழுதுவது இந்த வகை. ஆளைச் சாராமல் நிலத்தோடு போகும் என்பதால், விற்றாலும் நிற்கும். 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தில் உரிமை உண்டாக்கும் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு.

இங்கே இன்னொரு தவறான நம்பிக்கை: "இருபது ரூபாய் பத்திரத்துல எழுதி வாங்கிட்டேன்." முத்திரைத்தாளில் எழுதுவதும் பதிவு செய்வதும் வேறு வேறு. முத்திரைத்தாள் என்பது அரசுக்குக் கட்டும் தீர்வை. எழுதியதற்குச் சாட்சியாக அது உதவும், நிலத்தில் உரிமையை மாற்றாது. நோட்டரி முத்திரையும் அப்படித்தான்.

சுருக்கமாக: வாய்ச் சம்மதம் அந்த ஆளோடு முடியும், எழுத்துச் சம்மதம் அவர் மாற்றிப் பேசாமல் தடுக்கும், பதிவான பத்திரம் அடுத்து வருபவரையும் கட்டும்.

## கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

"சுவர் கட்ட எனக்கு ஆட்சேபணை இல்லை" என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. எந்தச் சுவர், எங்கே, எவ்வளவு என்று அது சொல்லவில்லையே.

இரு மனைகளின் சர்வே எண், உட்பிரிவு எண், பத்திர எண். எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, எத்தனை அடி நீளம். சுவரின் அகலம், உயரம். நடுக்கோடு எல்லைக்கோட்டிலேயே விழுகிறதா, எவ்வளவு விலகுகிறது. அஸ்திவாரத்தின் அகலமும் ஆழமும். அவர் பக்கம் எத்தனை அங்குலம் போகிறது. இவற்றைக் கையால் வரைந்த ஒரு படத்திலும் குறித்து, படத்திலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். வழக்கு என்று வந்தால் பத்து வரியைவிட அந்தப் படம் பேசும்.

அடுத்தது பணமும் பயன்பாடும். கட்டும் செலவில் யாருக்கு எவ்வளவு, பூச்சும் வெள்ளையும் அவரவர் பக்கம் அவரவர் செலவா, விரிசல் விட்டால் யார் சரிசெய்வது. இந்தச் சுவரின்மேல் நாளை ஒருவர் ஷெட் சாய்க்கலாமா, பீம் ஏற்றலாமா, ஆணி அடித்துக் கொடி கட்டலாமா. கடைசியில் சொன்னது சிரிப்பாகத் தெரியலாம். தெருச்சண்டையில் பாதி அதில்தான் ஆரம்பிக்கிறது. உயரத்தைக் கூட்ட மறுபடி சம்மதம் வேண்டுமா என்பதையும் எழுதிவிடுங்கள்.

செலவைப் பகிர்ந்தாலே பொதுச்சுவர் ஆகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். முழுக்க உங்கள் நிலத்தில் நிற்கும் சுவருக்கு அவர் பாதிப் பணம் கொடுத்திருக்கலாம். அப்போது அது யாருடைய சுவர் என்பதைக் கடிதம் தெளிவாகச் சொல்லாவிட்டால் இரண்டு பேரும் தனக்கே என்பார்கள்.

இரு தரப்பும், இரண்டு சாட்சிகளும், தேதியும். ஆளுக்கொரு அசல்.

கையெழுத்து யாருடையது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர் சொன்ன சரி செல்லாது. தகப்பனார் காலமான வீட்டில் மூத்த மகன் மட்டும் போட்ட கையெழுத்து தங்கைகளைக் கட்டுப்படுத்தாது. பாகம் பிரியாத சொத்து என்றால் எல்லா வாரிசுகளும் போட வேண்டும். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அவருடைய அதிகாரப் பத்திரத்தில் இதைச் செய்யும் அதிகாரம் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பது புறம்போக்கு நிலமென்றால் சம்மதம் கேட்க ஆளே கிடையாது: ஒரு அங்குலமும் தாண்டாமல் கட்டுவதுதான் வழி.

## சம்மதம் தேவையில்லாத சுவருக்கும் கட்டுப்பாடு உண்டு

முழுக்க உங்கள் நிலத்தில் கட்டினாலும் மூன்று விஷயங்களில் பக்கத்து நிலத்துக்கு உரிமை இருக்கிறது.

முதலில் மண். அடுத்தவர் நிலத்துக்கு உங்கள் மண் இயற்கையாகக் கொடுத்துவரும் தாங்கலை நீங்கள் எடுத்துவிட முடியாது. வசதியுரிமைச் சட்டத்தின் 7-வது பிரிவிலேயே இது எடுத்துக்காட்டாக இருக்கிறது. எல்லை ஓரமாக 60 அடிக்கு ஒரே மூச்சில் வானம் தோண்டிப் போட்டு, அன்றிரவு மழை பெய்தால் அவர் பக்கத்து மண் சரிந்து விழும். பத்துப் பத்து அடியாகத் தோண்டி, கட்டி, மண் மூடி, பிறகு அடுத்ததற்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல் இருப்பது இன்னும் நல்லது.

அடுத்தது தண்ணீர். மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் வாய்க்கால் இல்லாமல் இயல்பாகப் பள்ள நிலத்துக்கு வழிந்தோட விட வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. நீங்கள் பள்ளத்தில் இருந்து, கதவுபோல் அடைத்துச் சுவர் எழுப்பினால் அவர் வாசலில் குளம் கட்டும். தரைமட்டத்தில் நாலு அங்குலக் குழாய்களைப் பதித்து வழி விடுங்கள். சுவரின் மேல்மூடியான கோப்பிங்கை உங்கள் பக்கமாகச் சரித்து வையுங்கள். உங்கள் சுவரில் விழுந்த மழை உங்கள் மனைக்குள் இறங்கட்டும்.

மூன்றாவது வெளிச்சமும் காற்றும். அவர் வீட்டு ஜன்னல் 20 ஆண்டுகளாக இடையூறின்றி வெளிச்சம் பெற்று வந்திருந்தால், அதை மோசமாக மறைக்கும் உயரச் சுவருக்கு அவர் தடை கேட்கலாம். 5 அடி காம்பவுண்டுக்கு இது பொருந்துவது அரிது.

இரு மனைகளின் தரைமட்டம் வேறாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. மறைக்கும் சுவர் வேறு, மண்ணைத் தாங்கும் சுவர் வேறு. மனையை மூன்றடி உயர்த்தி மண் நிரப்பிவிட்டு, சாதாரண 9 அங்குலக் காம்பவுண்டை அதைத் தாங்க விடுவது ஆபத்து. ஈரமான மண் பக்கவாட்டில் தள்ளும் விசை, உயரம் கூடக் கூடப் பல மடங்காகும். தண்ணீர் வெளியேற வழியில்லாவிட்டால் அதன் அழுத்தமும் சேரும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் நனைந்த உயரமான சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மேல் இடிந்து விழுந்து 17 பேர் இறந்தார்கள். மண் தாங்கும் சுவருக்குப் பொறியாளர் கணக்கு வேண்டும். நீர் வடிய, தாழ்ந்த தரைக்குச் சற்று மேலே 5 அல்லது 6 அடிக்கு ஒரு குழாயும், அதன் பின்னால் ஜல்லி நிரப்பலும் வேண்டும்.

## அவர் சம்மதிக்காவிட்டால்?

பொதுச்சுவருக்கு ஒத்துக்கொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் காரணம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. முழுக்க உங்கள் பக்கம் கட்டுங்கள், அதை அவர் தடுக்க முடியாது.

அப்படிக் கட்டும்போது ஒரு சிக்கல் ஓசைப்படாமல் வரும். அஸ்திவாரத்துக்காகச் சுவரைப் பத்து அங்குலம் உள்ளே தள்ளினீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் நிலத்தில் பத்து அங்குலம் அவர் மனையோடு சேர்ந்து கிடக்கிறது. அவர் அதில் செடி வைப்பார், சிமென்ட் தளம் போடுவார். எதிரிடை அனுபவம் என்றால், அடுத்தவர் நிலத்தைத் தன்னுடையது என்று வெளிப்படையாக, தொடர்ந்து, சொந்தக்காரருக்கு எதிராக அனுபவிப்பது. அப்படி 12 ஆண்டுகள் ஓடிவிட்டால், காலவரையறைச் சட்டம் 1963-இன்படி நீங்கள் நிலத்தை மீட்கும் உரிமையை இழக்கலாம். எல்லைக்கற்களை மூடாமல் தெரியும்படி வையுங்கள். சுவருக்கு வெளியே இவ்வளவு அகலம் உங்கள் நிலம் கிடக்கிறது என்று படத்தோடு ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். அவர் பயன்படுத்துவதை நீங்கள் தடுக்க நினைக்கவில்லை என்றால், அனுமதித்திருப்பதாகவே எழுதிவிடுங்கள். அனுமதியோடு அனுபவிப்பது எதிரிடை அனுபவம் ஆகாது. பெருந்தன்மையும் சட்டமும் ஒத்துப்போகும் அபூர்வமான இடம் இது.

வேலை தொடங்குமுன் தேதி, அளவு, நில அளவர் அறிக்கையின் நகல் ஆகியவற்றோடு அவருக்கு ஒரு தகவல் கடிதமும் அனுப்பலாம். வெளிப்பக்கம் பூசவும் சாரம் கட்டவும் அவர் மனைக்குள் நிற்க வேண்டியிருக்கும். அதற்குத் தனி அனுமதி வேண்டும். கொடுக்காவிட்டால் வெளிப்பக்கத்தைப் பூசாமல் விடும்படி, முகம் சுத்தமான பிளாக் வாங்கி, அடுக்கும்போதே இணைப்புகளை அடைத்துக்கொண்டு மேலேறலாம்.

அவர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கக்கூடும் என்று தோன்றினால், முன்கூட்டியே கேவியட் மனு போட்டு வைக்கலாம். உங்களைக் கேட்காமல் அவருக்கு இடைக்காலத் தடை கொடுக்க வேண்டாம் என்று நீதிமன்றத்தை வேண்டும் மனு இது. 90 நாள் செல்லும். ஆகவே அதைப் போட்டதும் சுவர் வேலையை இழுத்தடிக்காதீர்கள்.

## அவர் உங்கள் பக்கம் கட்ட ஆரம்பித்துவிட்டால்

இங்கே எல்லாமே வேகத்தைப் பொறுத்தது. வானம் தோண்டும்போது நிறுத்துவது எளிது, கோப்பிங் போட்ட பிறகு இடிக்க வைப்பது பெரும்பாடு. முதல் நாளே தேதியோடு படம் எடுங்கள், எழுத்தில் ஆட்சேபணை அனுப்புங்கள், நில அளவைக்கு விண்ணப்பியுங்கள். காவல் நிலையத்தில் அடிதடி, மிரட்டல் என்றால் புகார் கொடுக்கலாம். எல்லை யாருடையது என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல்துறைக்கு இல்லை. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. அங்கே இடைக்காலத் தடையும், நேரில் பார்த்து அளந்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரையும் கேட்கலாம். அந்த ஆணையர் நில அளவரோடு வந்து அளந்து தரும் அறிக்கைதான் இத்தகைய வழக்கின் முதுகெலும்பு.

கட்டி முடிந்துவிட்டால் கேட்க வேண்டியது கட்டாய உறுத்துக் கட்டளை, அதாவது ஒன்றைச் செய் என்று நீதிமன்றம் இடும் ஆணை. இங்கே "சுவரை அகற்று" என்பது. அது நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது. கட்டுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டு, முடிந்தபின் வந்து நிற்பவருக்கு இடிப்புக்குப் பதில் இழப்பீடு மட்டும் கிடைக்கலாம். ஊருக்குப் போயிருக்கும்போது சுவர் ஏறிவிட்டது என்றால், திரும்பிய நாளிலேயே ஸ்பீட் போஸ்டில் ஆட்சேபணை போய்விட வேண்டும்.